தாஸுக்கு முன்னால்

பரங்கிமலைப் படியில் ஏறும்போது
பேசக் கூடாதென்று பலகை எதுவும் இல்லை.
மூச்சு போட்ட சட்டம் அது.

காலை ஐந்தே முக்கால்.
சுடிதாருக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள்,
காதில் வயர் செருகிய பையன்கள்,
படிக்கொரு மெழுகுவத்தி ஒட்டிவைத்து ஏறும் ஒரு குடும்பம்,
நான்.
லிஃப்ட் மெக்கானிக்.
யாரும் படி ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு.
டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்ததோ படி.

லிஃப்டுக்குள் யாரும் சாமியைப் பற்றிப் பேசி
நான் கேட்டதில்லை.
எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள்.
நாலு. அஞ்சு. ஆறு.
கதவு திறந்ததும் தப்பித்தவர்கள்போல் போகிறார்கள்.
இங்கே எண் எரிவதில்லை.
ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் இரண்டு படி முன்னால் போவார்.
குதிகால் வெடிப்பு, நீலவார் ரப்பர் செருப்பு.
இருபது நாள் வெறும் தலையசைப்பு.
அப்புறம் ஒருநாள்,
"நூத்தி முப்பத்திரெண்டு" என்றார்.
"நூத்தி முப்பத்தி நாலு" என்றேன்.
திருப்பத்தில் கிடக்கும் கல்லைப்
படியென்று எண்ணலாமா கூடாதா
ஒரு வாரம் வாதாடினோம்.
அதோடு விட்டிருக்கலாம்.

பெயர் கேட்டேன்.
தாஸ்.
செழியன் என்றேன்.
என் பெயரைத் துருவினால் எதுவும் உதிராது,
அப்பா யோசித்துத்தான் வைத்தார்.
ஆனால் தாஸ்.
தாஸுக்கு முன்னால் என்ன?
அந்தோணியா, அரியா,
அல்லது மொத்தமே அவ்வளவுதானா?
பல்லிடுக்கில் கொய்யா விதை.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் தினமும் நிற்பார்.
வணங்கவா, மூச்சு வாங்கவா,
முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.
மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.
ஒரு வியாழக்கிழமை காதோரம் சந்தனம்.
சந்தனம் எங்கே கொடுத்தாலும் ஒரே மணம்.

உச்சிக் கைப்பிடிச் சுவரில்
கீழே ஓடுபாதை விளக்குகள் தெரியக் கேட்டேவிட்டேன்.
"தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கினேன்.
அப்படித் தொடங்கிய எதுவும்
தப்பில்லாமல் முடிந்ததில்லை.
"நீங்க எந்தப் பக்கம்?"
சாமி என்றுகூடச் சொல்லவில்லை.
பக்கம் என்றேன், ஓட்டுக் கேட்க வந்தவன்போல.

அவர் வாய் திறக்க
மீனம்பாக்கத்திலிருந்து விமானம் எழுந்தது.
உதடுகள் அசைந்தன.
கை மார்புக்குப் போனது.
இரண்டு விரல் காட்டினார், பிறகு ஒன்று.
பிறகு கீழே எங்கோ, ஆலந்தூர்ப் பக்கமோ
ஆஸ்பத்திரிப் பக்கமோ, நீட்டினார்.
கண் ஈரமானது. காற்றாகவும் இருக்கலாம்.
நீண்ட பதில்.
விமானம் அதைவிட நீளம்.

எல்லாம் கேட்டவன்போல் தலையாட்டினேன்.
திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க
வேறொரு முகம் வேண்டும்.

"நீங்க?" என்றார்.

ஓடுபாதை காலி. வானம் காலி.
காக்கைகூடக் கத்தித் தொலைக்கவில்லை.
சொல்லியிருக்கலாம்:
அம்மா செவ்வாய் தவறாமல் விளக்கேற்றுவாள்,
அப்பா அணைக்க மாட்டார்,
வெளியே போய் நிற்பார்,
நான் நடுவில்
கதவைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தேன்.
வாய்க்கு வந்தது ஒன்றுதான்.
"சுகர். வெறும் வயித்துல இருநூத்திப் பத்து."

அவர் சிரிக்கவில்லை.
"எனக்கு ரெண்டு ஸ்டென்ட்" என்றார்,
ஏற்கெனவே சொன்னதைச்
செவிடனுக்குத் திருப்பிச் சொல்வதுபோல்.

இறங்கும்போது பேசலாம், மூச்சு இருக்கும்.
முட்டிதான் கேட்காது.
பத்துப் பதினைந்து படி முட்டியைத் திட்டிக்கொண்டே இறங்கினோம்.
திருப்பத்துக் கல்லில் உட்கார்ந்து
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
யார் வாய் பட்டதென்று யாரும் கேட்டுவிடாதபடி
இந்த ஊர் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு.
அண்ணாந்தேன்.
வாய் திறந்து, கண் மேலே போய்,
கழுத்து முழுக்க வானத்துக்குக் காட்டி.
மெழுகுவத்திக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி
இறங்கி வந்தவள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

பாதித் தண்ணீர் சட்டையில் போனது.
"நூத்தி முப்பத்திரெண்டுதான்" என்றார் தாஸ்.